காரா குகையில் சொன்னது

"வீட்ல வெச்சுப் பேச முடியாது உம்மா. ஒண்ணு ஸகிய்யா மாமி வர்றாங்க, இல்லேன்னா பக்கத்து வீட்டுக்காரங்க வர்றாங்க. யாராவது ஒருத்தர் காப்பிக் கோப்பையும் கையுமா உட்கார்ந்திருக்காங்க. குகைக்குப் போயிடலாம். அகீலையும் அங்கேயே வரச் சொல்லிட்டேன்."

கவ்ஸர் இதைச் சொன்னபோது மாசூமா சிவப்பரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

"குகைக்கா?"

"ஏன், காரா ஊர்ல இருக்கிறவங்க குகைக்குப் போகக் கூடாதா? ரியாத்லேருந்து காரெடுத்துட்டு வந்து பாக்குறாங்க. நம்ம வீட்டு ஜன்னலைத் திறந்தாத் தெரியுது."

தெரியும்தான். பேரீச்சைத் தோப்புகளுக்கு மேலே, மண் நிறத்தில், மேலிருந்து கீழ்வரை வெடித்துப் பிளந்துகிடக்கும் அந்த மலை சமையலறை ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்கும். வெளியே வெயில் கொளுத்தும்போது அதன் பிளவுகளுக்குள் குளிர்ந்த காற்று ஓடும். அல்-அஹ்ஸா பாலைவனச் சோலையில் பிறந்த யாரும் ஒரு கோடையாவது அதற்குள் பாய் விரித்துப் படுக்காமல் வளர்ந்ததில்லை. மாசூமாவும் அப்படித்தான் வளர்ந்தாள். ஆனால் மகன் ஹாதி இறந்த பிறகு அவள் அந்தப் பக்கம் கால் வைக்கவில்லை. ஜன்னலைத் திறந்தால் முதுகைத் திருப்பிக்கொண்டுதான் சமைப்பாள்.

"சரி, போகலாம்," என்றாள். மறுக்க அவளுக்கு வழி இல்லை. அந்தப் பேச்சை இனியும் தள்ளிப்போட முடியாது.

விஷயம் ஊர் முழுக்கத் தெரிந்ததுதான். கவ்ஸருக்கும் மாசூமாவின் அண்ணன் தாஹிருடைய மகன் அகீலுக்கும் நிச்சயமாகியிருந்தது. யாரும் வற்புறுத்திச் செய்த சம்பந்தமல்ல. சின்ன வயதிலிருந்தே ஒருவரையொருவர் வம்பிழுத்து, சண்டை போட்டு, கடைசியில் ஒருவரில்லாமல் ஒருவருக்குச் சோறு இறங்காது என்ற நிலைக்கு வந்து சேர்ந்தவர்கள். நிக்காஹுக்கு முன்னால் இருவரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது சட்டம். போனார்கள். பொருத்தமில்லை என்று வந்தது.

அரிவாள் ரத்தம். ரத்தத்தின் சிவப்பணு அரிவாள் போல வளைந்துபோகும். அந்தச் சோலையில் வீட்டுக்கு வீடு இருக்கும் நோய். கவ்ஸரிடம் அது பாதி இருந்தது, அகீலிடமும் பாதி. பாதி இருப்பவர்களுக்கு ஒன்றும் ஆகாது. நன்றாக ஓடியாடி, கல்யாணம் காட்சி பார்த்து, கிழமாகிச் சாவார்கள். ஆனால் இரண்டு பாதிகள் சேர்ந்து பிறக்கும் பிள்ளைக்கு முழுதாக வந்துவிடலாம். வராமலும் போகலாம். அது அந்தப் பிள்ளையின் நசீபு.

மருத்துவமனையில் அந்த டாக்டரம்மா பொறுமையாகத்தான் விளக்கினார். தெரிந்தேதான் செய்துகொள்கிறோம் என்று கையெழுத்துப் போட்டால் நிக்காஹுக்குத் தடையில்லை. ரியாத்தில் கருவையே முன்னால் பரிசோதித்து, நோயில்லாததை மட்டும் வயிற்றில் வைக்கிறார்கள், ஆனால் அது கூடி வரும் என்று தன்னால் வாக்குக் கொடுக்க முடியாது. இவ்வளவும் சொல்லிவிட்டு அவர், "உங்க குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் இருந்திருக்கிறதா?" என்று கேட்டார்.

"என் அண்ணனுக்கு," என்று கவ்ஸர் சொன்னாளாம். அதற்குப் பிறகு அந்த அம்மா ஒன்றும் கேட்கவில்லையாம்.

மாசூமாவுக்கும் ஜவாதுக்கும் கல்யாணம் ஆன காலத்தில் இந்தப் பரிசோதனையெல்லாம் கிடையாது. அவர்களும் உறவுக்காரர்களே. ஹாதி தவழத் தொடங்கிய பருவத்தில் அவன் கைகளும் பாதங்களும் வீங்கின. ஏதோ பூச்சி கடித்துவிட்டது என்று எண்ணி அவள் எண்ணெய் தடவினாள். பூச்சி இல்லை என்று தெரிந்ததிலிருந்து இருபத்திரண்டு வயதில் அவன் போய்ச் சேரும்வரை அவள் வாழ்க்கை ஹுஃபூஃப் நகரத்து ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடுவில்தான் ஓடியது. வலி வந்தால் எலும்பை உள்ளிருந்து யாரோ உடைப்பதுபோல வரும் என்று அவன் சொல்வான். வலி இல்லாத நாட்களில் அவனைப் போல வாயாடி அந்தத் தெருவில் கிடையாது. ஜவாத் தோப்புக்குப் போக அரிவாளைத் தேடிக்கொண்டிருந்தால், "என்ன வாப்பா தேடுறீங்க? என் கையில ஒரு ஊசி குத்துங்க, ஆயிரம் அரிவாள் வந்து விழும்," என்பான். ஜவாத் அடிக்கக் கையை ஓங்குவார். ஓங்கிய கை அவன் தலையைத் தடவிவிட்டுத்தான் இறங்கும்.

மூன்று வருடத்துக்கு முன், குளிர் முடியும் சமயத்தில், நெஞ்சில் வந்த வலி அவனைக் கொண்டுபோய்விட்டது. ஊரில் மூத்த பிள்ளையின் பேரைச் சொல்லித்தான் தாயை அழைப்பார்கள். அவன் போன பிறகும் மாசூமா எல்லோருக்கும் உம்மு ஹாதியாகவே இருந்தாள். ரொட்டிக் கடைக்காரன் முதல் பள்ளிவாசல் பெண்கள் வரை, "உம்மு ஹாதி, எப்படி இருக்கீங்க?" என்று கேட்கும் ஒவ்வொரு முறையும் அவள், "அல்ஹம்துலில்லாஹ்," என்று சொல்லிவிட்டு நடந்துவிடுவாள்.

இப்போது கவ்ஸர் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தாள். அகீலும் போடுவான் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். தாஹிர், "எல்லாம் அல்லாஹ் கையில இருக்கு," என்று சொல்லிவிட்டார். ஜவாத் மட்டும் வேண்டாம் என்றார். அதையும் மாசூமாவிடம்தான் சொன்னார். மகளின் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவரால் முடியவில்லை.

*

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஜவாத் அவர்களைக் காரில் கொண்டுபோய் மலையடிவாரத்தில் விட்டார். எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க இறங்கலையா?" என்றாள் மாசூமா.

"நீங்க போயிட்டு வாங்க. நான் பேச ஆரம்பிச்சா கத்திருவேன். அங்க கத்தினா மலை முழுக்க எதிரொலிக்கும்."

சிரிப்பதற்காகச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்று தெரியவில்லை. கவ்ஸர் அதற்குள் இறங்கிப் போய்விட்டிருந்தாள்.

அகீல் வாசலில் நின்றுகொண்டிருந்தான். தோளில் ஒரு பை, அது நிறையத் தண்ணீர் பாட்டில்கள். ஹாதியோடு திரிந்த காலத்தில் பழகிய பழக்கம் இன்னும் விடவில்லை. ஹாதியின் உடம்பில் நீர் வற்றவிடக் கூடாது என்று எங்கே போனாலும் தண்ணீரைச் சுமந்துகொண்டு போவான்.

"வாங்க மாமி. உள்ள இடுக்கெல்லாம் ரொம்ப ஒடுக்கம். சொல்லிட்டேன், மாட்டிக்கிட்டீங்கன்னா நானும் கவ்ஸரும் பின்னாலேருந்து தள்ளுறதா இல்ல."

"என்னைச் சொல்றியா? உன் உம்மாவைக் கூட்டிட்டு வந்திருந்தா மலையைத்தான்டா உடைக்கணும்."

அவன் சிரித்தான். கவ்ஸரும் சிரித்தாள். இந்த ரெண்டும் சேர்ந்து சிரிக்கிறபோது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்ற எண்ணத்தை மாசூமாவால் அடக்க முடியவில்லை.

உள்ளே கால் வைத்ததும் வெயில் கழன்று விழுந்தது. இரண்டு பக்கமும் சுண்ணாம்புப் பாறை வானம்வரை எழும்பி நிற்க, நடுவில் ஒரு ஆள் போகும் பாதை. உச்சியில் எங்கோ ஒரு கீற்று வெளிச்சம். பாறையைத் தொட்டால் விரலில் மணல் உதிர்ந்தது. இப்போது தரையெல்லாம் சீராக்கிப் படி வைத்து விளக்குப் போட்டிருந்தார்கள். மாசூமா சிறுமியாக இருந்தபோது இதில் கையால் தடவித்தான் போக வேண்டும். ரியாத் குடும்பம் ஒன்று முன்னால் போய்க்கொண்டிருந்தது. பிள்ளைகள் தங்கள் பேரை உரக்கக் கத்தி, அது திரும்பி வருவதைக் கேட்டுக் குதித்தார்கள். "கத்தாதீங்க, மலை விழுந்துரும்!" என்று அதட்டிய அவர்களின் தாயின் குரல்தான் எல்லாவற்றிலும் பலமாக எதிரொலித்தது.

முழங்கால் வலிக்க மாசூமா மெல்ல நடந்தாள். பாதை ஒரு இடத்தில் அகன்று சின்ன அறை போலானது. ஒரு ஓரத்தில் திண்டு போன்ற பாறை. அகீல் அங்கே நின்றான்.

"இங்கதான் மாமி. நானும் ஹாதியும் பரீட்சைக்குப் படிக்கிற இடம். பாய், புத்தகம், பேரீச்சம்பழம், ரொட்டி. காலைல வந்தா அஸர் தொழுகைக்குத்தான் வெளிய போவோம்."

"தெரியும். படிச்சீங்களோ தூங்கினீங்களோ."

"அவன் படிப்பான். நான் தூங்குவேன். அதனாலதான் அவனுக்கு யூனிவர்சிட்டில எடம் கிடைச்சுது, எனக்கு எங்க வாப்பா கடை கிடைச்சுது."

மாசூமா அந்தப் பாறையில் உட்கார்ந்தாள். பாறை துணியையும் மீறிக் குளிர்ந்தது. ரியாத் குடும்பத்தின் சத்தம் தூரத்தில் போய்த் தேய்ந்துவிட்டது. இனி பேசித்தான் ஆக வேண்டும்.

"சொல்லு, கவ்ஸர். நீ பேசணும்னுதானே கூட்டிட்டு வந்தே."

கவ்ஸர் உட்காரவில்லை. "நாங்க கையெழுத்துப் போடப் போறோம் உம்மா. வாப்பா சம்மதிக்க மாட்டாங்கன்னு தெரியும். நீ சொன்னா சம்மதிப்பாங்க. நீ சொல்லணும்."

"டாக்டர் சொன்னதெல்லாம் கேட்டேல்ல?"

"கேட்டேன். ரியாத்துக்குப் போவோம். கருவைப் பரிசோதிச்சு வைப்பாங்க."

"கூடி வரலேன்னா?"

"வரலேன்னா பிள்ளை இல்லாம இருந்துக்குவோம்."

"இருந்துக்குவியா? ஒரு வருஷம் இருப்பே. ரெண்டு வருஷம் இருப்பே. பக்கத்து வீட்ல ஒரு பிள்ளை அழற சத்தம் கேட்டா?"

"சரி, அப்படியே பிறந்தாத்தான் என்ன?" கவ்ஸரின் குரல் உயர்ந்தது. "ஹாதி பிறக்கலையா? ஹாதியை நாம வளர்க்கலையா? எனக்கு என்ன தெரியாது? ஊசி தெரியும், மருந்து தெரியும், எப்ப ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும்னு தெரியும். உன்னை விட எனக்கு நல்லாத் தெரியும். உன் காலத்துல உனக்கு ஒண்ணும் தெரியாது, நீ எண்ணெய் தடவினே."

"கவ்ஸர்," என்றான் அகீல்.

"நீ சும்மா இரு. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் உம்மா. உன் கல்யாணத்துக்கு முன்னாடி யாராவது உன்கிட்ட வந்து, உனக்கு இப்படி ஒரு பிள்ளை பிறக்கும், இருபத்திரண்டு வயசுல போயிடும்னு சொல்லியிருந்தா, நீ வேண்டாம்னு சொல்லியிருப்பியா? ஹாதி வேண்டாம்னு சொல்லியிருப்பியா?"

மூன்று வருடமாக யாரும் கேட்காத கேள்வி. ஆனால் மாசூமா அதைத் தன்னிடமே எத்தனையோ தடவை கேட்டிருந்தாள். பதில் அவளுக்குத் தெரியும். அவன் ஈர முடியின் வாசனையும், கதவைத் திறந்ததும் "உம்மா, என்ன சமையல்?" என்று தெருவிலிருந்தே கத்துகிற அந்தக் குரலும் மறுபடி கிடைக்கும் என்றால், அவ்வளவு ஆஸ்பத்திரி இரவுகளையும் முதலிலிருந்து தொடங்க அவள் தயார். ஒரு தடவை இல்லை, நூறு தடவை.

அவள் மகளின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் ஆஸ்பத்திரிக் கட்டிலின் ஓரத்தில், ஒரு சின்னக் கையைப் பிடித்துக்கொண்டு, டாக்டர் வாயைத் திறப்பதற்காகக் காத்திருப்பதைப் பார்த்தாள். அது மாசூமாவே உட்கார்ந்திருந்த நாற்காலி.

"சொல்லியிருப்பேன்," என்றாள் மாசூமா. "வேண்டாம்னு சொல்லியிருப்பேன். பெத்திருக்க மாட்டேன்."

யாரோ தன்னை அறைந்ததுபோல கவ்ஸர் கன்னத்தில் கை வைத்தாள்.

"நீயா சொல்றே?"

"நான்தான் சொல்றேன். அவன் பட்டது போதும். இன்னொரு பிள்ளை படறதுக்கு நான் துணை நிக்க மாட்டேன்."

அகீல் பையை இறக்கிக் கீழே வைத்தான். பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்தன. பிறகு அவனும் தரையில், மாசூமாவின் காலடியில், பாறைச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான்.

"மாமி, உங்ககிட்ட ஒண்ணு மறைச்சுட்டோம். ஸ்கூல் கடைசி வருஷப் பரீட்சை சமயத்துல அவனுக்கு வலி வந்துச்சே, கார்ல வரும்போது வந்துச்சுன்னு சொன்னோம். கார்ல இல்ல. இங்க வந்துச்சு. படிக்கிற மும்முரத்துல தண்ணி குடிக்கல, குளிர்ல ரொம்ப நேரம் கிடந்துட்டான். எந்திரிக்க முடியல. நான் முதுகுல தூக்கிக்கிட்டு இந்தப் பாதைல வந்தேன். அப்ப படி கிடையாது, விளக்கு கிடையாது. அவன் கால் பாறைல இடிக்கும், நான் நிப்பேன், மறுபடி நடப்பேன். முன்னால சில பொம்பளைங்க போய்க்கிட்டிருந்தாங்க. அவங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னு என் தோளைக் கடிச்சுக்கிட்டான். சட்டையெல்லாம் ரத்தம்."

"என்கிட்ட ஏன்டா சொல்லல?" என்றாள் மாசூமா.

"இங்க வர்றதைத் தடுத்துருவீங்கன்னு பயந்தான்." அகீல் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அப்ப அவன் ஒண்ணு சொன்னான். 'என்னைக் கேட்டிருந்தா நான் வந்திருக்கவே மாட்டேன்'னான். இந்த உலகத்துக்கு."

"பொய்," என்றாள் கவ்ஸர்.

"பொய் இல்ல. மறுநாள் ஆஸ்பத்திரில பாக்கப் போனேன். நல்லா உட்கார்ந்து கோழி சாண்ட்விச் சாப்பிட்டுக்கிட்டிருந்தான். 'நேத்து சொன்னதை மறந்துரு, அது நான் சொல்லல, வலி சொல்லுச்சு'ன்னு சிரிச்சான். நானும் சிரிச்சேன். ஆனா மறக்கல. சொன்னதும் அவன்தான், சிரிச்சதும் அவன்தான். ரெண்டுமே எனக்கு மறக்கல." அவன் கவ்ஸர் பக்கம் திரும்பினான். "பரிசோதனை ரிசல்ட் வந்ததுலேருந்து உன்கிட்ட சொல்லணும்னு நினைக்கிறேன் கவ்ஸர். தைரியம் வரல. நீ போடறேன்னு சொன்னே, அதனால நானும் போடறேன்னு சொன்னேன். என்னால முடியாது. அவன் என் மச்சான், தூக்கிட்டேன். என் பிள்ளையை என்னால அப்படித் தூக்க முடியாது."

"ரியாத்துக்குப் போகலாம்னு சொன்னியே."

"அது கூடி வரலேன்னா ஒரு நாள் எனக்கே ஆசை வரும். பாத்துக்கலாம்னு தோணும். எனக்கு என்னை நம்பிக்கை இல்ல."

கவ்ஸர் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுவாள் என்று மாசூமா நினைத்தாள். அழவில்லை.

"நீதான் சொன்னே," என்றாள் அவள். "ஞாபகம் வெச்சுக்க அகீல். நான் சொல்லல. எனக்கு எதுவும் பெரிசாத் தெரியல, நீ மட்டும் போதும்னு நினைச்சேன். நீதான் வேண்டாம்னு சொன்னே." பிறகு தாயிடம் திரும்பினாள். "உன்கிட்ட எனக்குப் பேச ஒண்ணும் இல்ல. நீ ஹாதியையே வேண்டாம்னுட்டே."

அவள் வந்த வழியே விறுவிறுவென்று நடந்துவிட்டாள். அவள் செருப்புச் சத்தம் நெடுநேரம் பாறைகளுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது.

அகீல் கைகொடுத்துத் தூக்க மாசூமா எழுந்தாள். படிகளில் அவளைத் தாங்கிக்கொண்டே அவன் வந்தான். வாசல் வெளிச்சம் தெரிந்ததும், "மாமி, நீங்க சொன்னது..." என்று ஏதோ கேட்க வாயெடுத்தான். அவள் அவன் கையை அழுத்தினாள்.

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. கவ்ஸர் காரின் பின்சீட்டில், முகத்திரையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜவாத் இரண்டு பேரின் முகத்தையும் பார்த்தார். அகீலைப் பார்த்தார். ஏசியைக் கூட்டிவைத்துவிட்டு வண்டியை எடுத்தார். அகீலின் கார் கொஞ்ச தூரம் பின்னாலேயே வந்தது. ரவுண்டானாவில் அது வேறு பக்கம் திரும்பிவிட்டது.

*

சம்பந்தம் முறிந்தது. தாஹிருக்கு மனத்தாங்கல். அவர் மனைவி ஸகிய்யா ஒரு மாதம் மாசூமாவுக்கு ஸலாம்கூடச் சொல்லவில்லை. "புள்ளை மனசைக் கலைச்சுட்டா," என்று தோப்புப் பக்கத்துப் பெண்களிடம் சொன்னதாகக் காதில் விழுந்தது. மாசூமா எதிர்த்துப் பேசவில்லை.

அதெல்லாம் அவளுக்குத் தாங்கக்கூடியதாகவே இருந்தது. தாங்க முடியாதது வீட்டுக்குள் இருந்தது. கவ்ஸர் சமைத்தாள், துணி துவைத்தாள், ஹுஃபூஃபில் மழலையர் பள்ளி வேலைக்குப் போய் வந்தாள். வாப்பாவோடு பேசினாள். தாயிடம் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். உம்மா என்ற சொல்லை அவள் வாய் விட்டுவிட்டது. "சாப்பாடு இருக்கு," என்பாள். "மருந்து மேசை மேல இருக்கு," என்பாள். யாரைப் பார்த்துச் சொல்கிறாள் என்று தெரியாத மாதிரி சொல்வாள்.

ஜவாத் ஒருநாள் பேரீச்சங்குலையைத் தரையில் வைத்துவிட்டுக் கேட்டார். "அப்படி என்ன சொன்னே அவகிட்ட?"

மாசூமா சொன்னாள். ஜவாத் நெடுநேரம் குலையிலிருந்து பழத்தைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போட்டார்.

"நிஜமாவா சொன்னே?"

"என்னைக் கேக்கறீங்களே. நீங்களும் கூட இருந்து வளர்த்தீங்க. உங்களுக்குத் தெரியாதா?"

அவர் எழுந்து முகம் கழுவப் போனார். தண்ணீர்க் குழாயை வெகுநேரம் ஓடவிட்டுக்கொண்டே நின்றார்.

வியாழன்தோறும் அஸருக்குப் பிறகு மாசூமா மகனை அடக்கிய கபுருக்குப் போவாள். எப்போதும் ஃபாத்திஹா ஓதிவிட்டு ஊர்க்கதையெல்லாம் அவனிடம் சொல்வாள். யாருக்கு யார் மகள் நிச்சயமாகியிருக்கிறாள், எந்தத் தோப்பில் இந்த வருடம் காய்ப்பு மோசம், பக்கத்து வீட்டுப் பூனை எத்தனை குட்டி போட்டது. அந்தக் குகையிலிருந்து வந்த பிறகு அவளுக்கு அங்கே பேச்சு வரவில்லை. ஓதி முடித்ததும் எழுந்துவிடுவாள். மகனின் முகத்தைப் பார்க்க வெட்கப்படும் ஒருத்தியைப் போல, மண்ணைப் பார்க்காமல் திரும்புவாள்.

முஹர்ரம் கழிந்த ஒரு வியாழக்கிழமை ஜவாதுக்குக் காய்ச்சல். கவ்ஸர் புதிதாகக் கார் ஓட்டப் பழகியிருந்தாள். "நான் கொண்டுபோய் விடறேன்," என்றாள், சாவியைப் பார்த்துக்கொண்டு.

கபுருஸ்தானில் அவள் சற்றுத் தள்ளி நின்றாள். மாசூமா ஓதி முடித்தாள். அன்று எழுந்திருக்க முழங்கால் ஒத்துழைக்கவில்லை. மண்ணில் கையூன்றியபடி அப்படியே இருந்துவிட்டாள். மகள் பின்னால் நிற்பது அவளுக்கு மறந்தே போனது.

"ஹாதி," என்றாள். "அன்னைக்கு நான் சொன்னது உனக்காகச் சொன்னது இல்லப்பா. நீ கேட்டிருந்தியோ என்னவோ. நான் உன்னைப் பெத்திருப்பேன். என்னை யார் என்ன சொல்லித் தடுத்திருந்தாலும் பெத்திருப்பேன். நீ வரமாட்டேன்னு சொல்லியிருந்தாலும் விட்டிருக்க மாட்டேன். அவ்வளவு சுயநலம்டா உன் உம்மாவுக்கு. அவளுக்கு அது வேண்டாம்னுதான் அப்படிச் சொன்னேன். நீ மன்னிச்சுக்க. அவ மன்னிக்க மாட்டா, நீயாவது மன்னிச்சுக்க."

அதற்கு மேல் அவளுக்குப் பேச முடியவில்லை. மூன்று வருடமாக அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் அந்த மண்ணில் கொட்டித் தீர்ந்தது.

அக்குளில் ஒரு கை நுழைந்து அவளைத் தூக்கியது. கவ்ஸரும் அழுதிருந்தாள். காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகு பாட்டிலின் மூடியைத் திறந்து நீட்டினாள்.

"தண்ணி குடி உம்மா," என்றாள்.

மாசூமா குடித்தாள்.

*

அடுத்த வருடம் அகீலுக்குப் பக்கத்து ஊரான முபர்ரஸில் பெண் பார்த்தார்கள். பரிசோதனை பொருந்தியது. ஸகிய்யா தானே வந்து மாசூமாவைக் கட்டிப்பிடித்துக் கல்யாணத்துக்கு அழைத்தாள். மாசூமா போனாள். கவ்ஸருக்கு அன்று தலைவலி என்று எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள், எல்லோரும் நம்பியது போல நடந்துகொண்டார்கள்.

கவ்ஸருக்கும் வரன்கள் வந்தன. முதல் பேச்சாக, ரத்தம் என்ன என்றுதான் கேட்பாள். "முகம் எப்படின்னு கேக்க மாட்டியாடி?" என்று ஜவாத் கேலி செய்வார். "முகத்தைத் தினம் பாத்துப் பழகிக்கலாம் வாப்பா," என்பாள். பொருத்தமான ரத்தத்தோடும் சிலர் வந்தார்கள். அவள் ஏதாவது காரணம் சொல்லித் தட்டிவிட்டாள். யாரும் வற்புறுத்தவில்லை.

அகீலுக்கு ஒரு ஆண்பிள்ளை பிறந்தது. நாற்பது நாள் கழிந்ததும் மனைவியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு மாமி வீட்டுக்கு வந்தான். அந்தப் பெண் சின்னவள், கூச்சசுபாவம். எல்லாம் தெரிந்தவள் என்பது அவள் கவ்ஸரைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. கவ்ஸர் ஏலக்காய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தாள். தட்டில் பேரீச்சம்பழம் வைத்தாள். பிறகு கையை நீட்டி, "குடு, நான் வெச்சுக்கறேன், நீ குடி," என்று பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

"இன்னும் பேரு பதியல மாமி," என்றான் அகீல், கோப்பையைச் சுற்றிக்கொண்டே. "ஒரு பேரு மனசுல இருக்கு. இவளுக்கும் சம்மதம். உங்களைக் கேக்காம வைக்கக் கூடாதுன்னுதான் வந்தோம்."

எந்தப் பேர் என்று யாரும் கேட்கவில்லை. ஜவாத் தலை குனிந்துகொண்டார்.

"வேண்டாம் அகீல்," என்றாள் கவ்ஸர். பிள்ளையின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீ தெருவுல நின்னு அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவே. ஒவ்வொரு தடவையும் உம்மா திரும்பிப் பாப்பாங்க. வேற பேரு வை."

அவன் தலையாட்டினான். பாகிர் என்று வைத்தார்கள்.

அவர்கள் போன பிறகு கவ்ஸர் கோப்பைகளையெல்லாம் கழுவிக் கவிழ்த்தாள். மேசையைத் துடைத்தாள். தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் தலையணையில் அமுக்கிய அழுகைச் சத்தம் கேட்டது. ஜவாத் எழப்போனார். மாசூமா அவரைக் கையமர்த்தினாள்.

அவள் கதவைத் தட்டவில்லை. கதவுக்கு வெளியே, வெறுந்தரையில், முழங்காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். உள்ளே அழுகை ஓய்ந்து, மக்ரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை அங்கேயே இருந்தாள்.